காச்சா என்றால் பச்சை

1

என் லைசென்ஸைப் புதுப்பிக்கிற காலம் மறுபடி வந்தது. போன வாரம் மோட்டார் ஆபீஸில் போய் நின்றேன். அங்கே ஒரு தாளைக் கொடுப்பார்கள். காக்காய் வலிப்பு உண்டா, மாலைக்கண் உண்டா, காது கேட்குமா, சிவப்பையும் பச்சையையும் பிரித்துச் சொல்ல முடியுமா என்று வரிசையாகக் கேள்வி. போன தடவை எல்லாவற்றுக்கும் மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன். இந்தத் தடவை அந்தச் சிவப்பு பச்சைக் கேள்வியில் வந்து பேனா நின்றுவிட்டது. கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. பின்னால் நின்ற ஆள், "தீதி, தாடாதாடி!" என்று அவசரப்படுத்தினார். இந்த ஊரில் எல்லாப் பெண்களும் எல்லாருக்கும் அக்காதான். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு "முடியும்" என்று எழுதிக் கொடுத்தாள்.

ஏன் அழுதேன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வீட்டில் இதைப் பேச முடியவில்லை. ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்லலாம். நீங்கள் நேரில் வந்து திட்டப்போவதில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பேர் விசாலாட்சி. கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமாகி இங்கே கல்கத்தாவில் டாலிகஞ்சுக்கு வந்து வருஷம் பல ஆகிவிட்டது. எங்களுக்குக் காராச்சேவு, முறுக்கு, மிக்சர் வியாபாரம். அடுப்பு வீட்டிலேயே. இவர் மாவு பிசைந்து பிழிவார், நான் எண்ணெயில் பொரித்து எடுப்பேன். கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸ் நிறையத் தமிழ்க் குடும்பங்கள். லேக் கார்டன்ஸில் கொஞ்சம் பேர். அவர்கள் வீட்டுக்கெல்லாம் டின் டின்னாகக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். எதில் என்றால், சைடுகார் மாட்டின ஸ்கூட்டரில். ஸ்கூட்டருக்கு இடது பக்கம் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு தொட்டி. அதில் ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம், மடியிலும் காலடியிலும் டின்னை அடுக்கலாம். அங்கே உட்கார்ந்து வருவது இவர். ஓட்டுவது நான். சிரிக்காதீர்கள்.

2

வண்டி இவர் ஆசைப்பட்டு வாங்கினது. அதற்கு முன்னால் டின்களைத் தூக்கிக்கொண்டு டிராமிலும் பஸ்ஸிலும் அலைந்தார். கார்டன் ரீச் போகிற வழியில் கப்பலுக்காகப் பாலத்தைத் திறந்துவிட்டால் போச்சு, பஸ்ஸில் நின்றபடியே தூங்குவார். எங்கள் சந்தில் சினிமா ஸ்டூடியோவில் லைட் வேலை பார்த்த ஒருத்தர் ஊரைவிட்டுப் போகும்போது தன் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் எழுந்ததும் துடைப்பார். நிறுத்தின வண்டியில் செல்வியைத் தொட்டியில் உட்காரவைத்து, வாயாலேயே கியர் மாற்றி, வாயாலேயே ஹாரன் அடித்து, அவளைக் கோவில்பட்டிவரைக்கும் கூட்டிக்கொண்டு போய்வருவார். செல்வி எங்கள் மகள். அப்போது சின்னப் பிள்ளை.

மோட்டார் ஆபீஸில், "வியாபாரச் சாமான் ஏற்றுகிறீர்கள், அதனால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும்" என்றார்கள். போனோம். ஒரு வயசான டாக்டர். நல்ல மனுஷர். பெட்டி நிறைய விதவிதமான கலரில் நூல் கண்டு வைத்திருந்தார். எடுத்துக் காட்டக் காட்ட நாம் நிறத்தைச் சொல்ல வேண்டும். இவர் மட்டும் உள்ளே. நான் திரைக்கு வெளியே பெஞ்சில்.

இவர் பெங்காலியில்தான் பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். இங்கிலீஷில் பேசினால் டாக்டர் புரிந்துகொள்ள மாட்டாரா என்ன? ஆனால் இவருக்கு அது மரியாதைக் குறைச்சல். "அவங்க ஊருச் சோத்தைத் தின்னுட்டு அவங்க பாஷையைப் பேசாம இருக்கலாமாட்டி?" என்பார். நாங்கள் ரெண்டு பேரும் பெங்காலி படித்தது காய்கறி மார்க்கெட்டில். பள்ளிக்கூடமா வைத்தார்கள் எங்களுக்கு?

"ஏட்டா கீ ரொங்?" என்று டாக்டர் கேட்டது என் காதில் விழுந்தது. இது என்ன கலர்?

"காச்சா."

"கீ?"

"காச்சா, டாக்டர்பாபு."

"ஆர் ஏட்டா?"

"லால்."

"ஆர் ஏட்டா?"

"ஏட்டாவோ காச்சா!"

நான் பெஞ்சில் இருந்துகொண்டு, பரவாயில்லையே, டக்கு டக்கென்று பச்சை, சிவப்பு, பச்சை என்று சொல்கிறாரே என்று பெருமைப்பட்டேன். பச்சை மிளகாய் இங்கே காச்சா லொங்கா. பச்சை மாங்காய் காச்சா ஆம். பச்சைப் பால் காச்சா தூத். அப்போ பச்சைக்குக் காச்சா. கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது?

டாக்டர் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். "கலர் விஷன் சரியில்லை. சர்டிபிகேட் தர முடியாதும்மா. இதுக்கு மருந்து கிடையாது" என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்.

3

இவரும் நானும் வீட்டுக்குத் திரும்பினோம். டிராமை விட்டு இறங்கினதும் நின்றார்.

"ஏட்டி, நான் காச்சான்னு சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீக. நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்ப அவரு காட்டினது பச்சை இல்ல. வேற என்னமோ ஒண்ணு. என் கண்ணுக்குப் பச்சையாத் தெரிஞ்சிருக்கு."

அவ்வளவுதான். அன்றைக்கு முடிவு செய்துகொண்டார், தன் கண் பழுது என்று. அதிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம். கருவேப்பிலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இது என்ன கலருட்டி?" என்பார். பச்சை என்பேன். "எனக்கும் பச்சையாத்தான் தெரியுது. ஆனா அது நெசப் பச்சை இல்லையே, எனக்குத் தெரியுத பச்சைதானே" என்று வைத்துவிடுவார்.

வேறு டாக்டரிடம் போகலாம், ஏதாவது கொடுத்தால் எழுதித் தருவார்கள் என்று சொல்லாத ஆளில்லை. "கெட்ட கண்ணை வச்சுக்கிட்டு ரோட்டுல ஒரு பிள்ளை மேல ஏத்தவா?" என்று ஒரே பேச்சில் வாயடைத்துவிட்டார். வண்டி சந்தில் நின்று தூசி பிடித்தது. துடைப்பதையும் நிறுத்திவிட்டார். அப்புறம் ஒரு நாள், முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "நீ கத்துக்கோயேன்" என்றார்.

"நானா? ஊரே சிரிக்கும்."

"எந்த ஊரு? நம்ம ஊரு ரயிலேறி வந்து பாக்கப்போவுதா?"

பழகுகிறவர்களுக்குச் சிவப்பில் ஒரு எல் எழுத்துப் பலகை. பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருக்கிற ஒருத்தர் கட்டாயம் இருக்க வேண்டும், அது சட்டம். மெக்கானிக் நிமாய்-தா, அதாவது நிமாய் அண்ணன், என் பின்னால் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். மூன்று சக்கரம்தானே, விழாது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இரண்டு சக்கர வண்டியைச் சாய்த்துத் திருப்பலாம். இதைச் சாய்க்க முடியாது, மல்லுக்கட்டித்தான் திருப்ப வேண்டும். வேகம் கூட்டினால் இடது பக்கம் இழுக்கும். பிரேக்கைப் பிடித்தால் வலது பக்கம் போகும். தொட்டி காலியாக இருக்கும்போது இடது பக்கம் வெடுக்கென்று திருப்பினால் தொட்டிச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். முதல் நாளே எழும்பிற்று. நான் போட்ட கூச்சலில் ஸ்டூடியோ வாசலில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள்.

"தொட்டியில் மணல் மூட்டை வைக்கணும், பாரத்துக்கு" என்றார் நிமாய்-தா.

"மண்ணு எதுக்கு? நான் இருக்கேம்லா" என்று இவர் ஏறி உட்கார்ந்தார்.

அப்படித்தான் என் புருஷன் அந்தத் தொட்டிக்குப் போனார். பாரத்துக்கு. அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். அவரும் சிரித்தார்.

4

என் முறைக்கு வேறொரு லேடி டாக்டர். அதே மாதிரி நூல் கண்டு. எனக்குப் பயத்தில் பெங்காலி ஒரு வார்த்தை வரவில்லை. "ரெட், கிரீன், கிரீன்" என்று தெரிந்த இங்கிலீஷில் உளறினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இந்த ஊர் பாஷையைப் பேச வேண்டும் என்று முயற்சி எடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. முயற்சியே எடுக்காத எனக்குக் கிடைத்தது. அன்றைக்கு இது எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டிக் காட்டுகிற பரீட்சை ஒரு மைதானத்தில். செங்கல் வைத்து எட்டுப் போடச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் தொட்டிக்குள் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். பெரிய உடம்பு. எனக்குச் சந்தோஷம், சக்கரம் எழும்பாது. எட்டெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டேன். கடைசியில் அவர், "தாடான்!" என்று கத்தினார். நில்லுங்கள் என்று அர்த்தம். என் காதில் 'டான்' என்று விழுந்தது. அப்படியென்றால் வலது பக்கம். வலது பக்கம் ஒடித்தேன். "தாடான், தாடான்!" இன்னும் வலது பக்கம். மைதானத்து ஓரத்தில் இருந்த டீக்கடைப் பெஞ்சில் மோதாத குறைதான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து ஓடினார்கள்.

இன்ஸ்பெக்டர் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி மெதுவாக நிமிர்ந்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "காடி டிக் ஆச்சே. பாஷாட்டா ஷிக்குன்" என்றார். வண்டியெல்லாம் சரிதான், பாஷையைப் படியுங்கள் என்று அர்த்தம். பாஸ் போட்டுவிட்டார். ஒரு வார்த்தையை நானும்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன். என்னை மன்னித்துச் சிரித்து அனுப்பினார்கள்.

5

இனிமேல் சொல்லப்போவதுதான் சொல்லக் கூசுவது. எனக்கு அந்த வண்டி பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றால் கொஞ்சநஞ்சமில்லை. காலையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பும்போது நான் யாருக்கும் மனைவியும் இல்லை, அம்மாவும் இல்லை. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் பள்ளம் பார்த்து, மண்மேடு பார்த்து, டிராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டாமல் தாண்டி, லேக் ஓரமாக வந்து காற்று முகத்தில் அடிக்கும்போது பாட்டுப் பாட வேண்டும் போல் இருக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், "மத்ராஜி மாஷிமா எஷேச்சே!" என்று ஓடிவரும். மெட்ராஸ்காரச் சித்தி வந்தாச்சு என்று. மாஷிமா வந்தாச்சு. மேஷோமொஷாய், அதுதான் சித்தப்பா, தொட்டியில் டின்னோடு டின்னாக உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. எந்த வீட்டுக்கு எவ்வளவு, யாருக்கு உறைப்புக் கம்மி, எல்லாம் என்னைக் கேட்டுத்தான். செல்வி வளர்ந்து பள்ளிக்கூடத்தில் பெங்காலிப் பெண்ணாகவே மாறிக்கொண்டிருந்தாள். அங்கே அவள் பேர் ஷெல்பி. அவளுடைய தமிழைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இங்கே தண்ணீரையும் சாப்பிடுவார்கள், சிகரெட்டையும் சாப்பிடுவார்கள். அதனால் அவளும், "அம்மா, நிமாய் காகு பீடி சாப்பிடுதாரு" என்பாள். திருத்த எனக்கு நேரமில்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால், "நீங்க வராதீங்க, வண்டியில வருவீங்க, எல்லாரும் பாப்பாங்க" என்பாள். அப்பாவைத்தான் கூட்டிக்கொண்டு போவாள். அவர் டிராமில் போய்வருவார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரோட்டு மூலையில் அவளிடமும், "செல்வி, லைட்டு என்ன கலரு?" என்று கேட்டுத்தான் தாண்டுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் கேட்ட எந்தக் கலரிலும் ஒரு தடவைகூட தப்பாக எடுத்ததில்லை. தக்காளியில் காயும் பழமும் சரியாகப் பிரிப்பார். பிரித்துவிட்டு, "சரிதானா பாரு" என்று என்னிடம் காட்டுவார். கண் பழுதானவன் ஒரு தரமாவது தடுமாற வேண்டாமா? இது ஒரு சின்னப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. தோன்ற நான் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் நிஜம். அவர் என்னைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

6

இந்த வருஷம் பூஜைக்கு முன்னால் ஒரு நாள், புதுசாக எடுத்த சிவப்புச் சேலையை இவருடைய வெள்ளை வேட்டியோடு ஒரே வாளியில் நனைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் வேட்டி ரோஸ் நிறம். மாடி வீட்டு பௌதி படியில் நின்றபடி தலையில் அடித்துக்கொண்டாள். பௌதி என்றால் அண்ணி. உறவெல்லாம் இல்லை, அக்கம்பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது.

"ஐயோ பிஷாலாம்! காச்சா ரொங்!" விசாலாட்சி அவள் வாயில் பிஷாலாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவளுக்குக் கண் தெரியவில்லையா என்ன? "பௌதி, இது லால். சிவப்பைப் போய்க் காச்சா என்கிறீர்களே" என்று என் உடைந்த பெங்காலியில் சொன்னேன்.

அவளுக்கு நான் சொன்னது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கினதும் படியிலேயே உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். காச்சா என்றால் வேகாதது, பழுக்காதது. துணியில் சொன்னால் சாயம் போகிற கலர். சிவப்பானாலும் சரி, நீலமானாலும் சரி. நம் பச்சைக்கு ரெண்டு அர்த்தம். அவர்கள் காச்சாவுக்கு அதில் ஒன்றுதான்.

அவள் வீட்டு ஜன்னல் கதவு பச்சைப் பெயிண்ட். அதைக் காட்டி, "அப்போ அது?" என்றேன்.

"ஓட்டா? சொபுஜ்."

இந்த வார்த்தையை இத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறேன். சப்ஜியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், காய்கறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈர வேட்டியைக் கையில் பிடித்தபடி குழாயடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாவம் அந்த டாக்டர். நூலைக் காட்டி என்ன கலர் என்றால், சாயம் போகும் என்கிறான் இந்த மனுஷன். இன்னொன்றைக் காட்டினால் இதுவும் சாயம் போகும் என்கிறான். பச்சை தெரியாததால் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறான் என்றுதானே நினைப்பார்? அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இவர் கண்ணிலும் ஒரு குற்றமும் இல்லை. எல்லாம் ஒரு வார்த்தை.

அந்த நிமிஷமே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளேதான் இருந்தார், மாவு சலித்துக்கொண்டு. எழுந்தேன். வாசல்படிவரை போனேன். ஸ்கூட்டர் நின்றது. சாவி என் இடுப்பில் இருந்தது.

பூஜை ஆர்டர் தலைக்குமேல் இருக்கிறது, முடியட்டும் என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்றேன். வயசாகிவிட்டது, இனிமேல் அவர் பழகி என்ன செய்யப்போகிறார் என்றேன். கார்டன் ரீச் லாரிகளுக்கு நடுவில் அவர் போனால் எனக்கு உயிர் கையில் இருக்காது என்றேன். எல்லாம் அவர் நன்மைக்காம்! வண்டியை விட எனக்கு மனசில்லை, அதுதான் விஷயம். பச்சைத் துரோகம் என்று சொல்வோமே, அது இதுதான்.

இதற்கு நடுவில் செல்விக்கு முதல் சேலை எடுக்கப் போனோம். அஷ்டமியன்று சேலை கட்டிக்கொண்டு தோழிகளோடு பூஜைப் பந்தலுக்குப் போக வேண்டுமாம். இவர் வழக்கம்போலக் கடைக்கு வெளியே நின்றார். செல்வி போய், "அப்பா, நீங்க எடுத்துக் குடுங்க" என்று இழுத்துவந்தாள். பயந்து பயந்து ஒரு சேலையைத் தொட்டார். அழகான கிளிப்பச்சை. என் பக்கம் குனிந்து, கடைக்காரன் காதில் விழாமல், "ஏட்டி, இது பச்சைதானே? தப்பாச் சொல்லி அசிங்கப்பட்டுரக் கூடாது" என்றார்.

"ஆமா" என்றேன். அவர் சேலையை வைத்துவிட்டு, "கலரெல்லாம் நீங்களே பாருங்க" என்று வெளியே போய்விட்டார்.

7

தீபாவளி முடிந்ததும் சொல்லிவிட்டேன். ராத்திரியில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, என்னால் முடியவில்லை. எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "என்னங்க, காச்சான்னா பச்சை இல்லையாம்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். "அடப்பாவி! டாக்டர்ட்ட நூலைப் பாத்து சாயம் போவும், சாயம் போவும்னு சொல்லியிருக்கேன்! அவரு என்னைய என்ன நெனச்சிருப்பாரு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து ஜன்னலண்டை போனார். எதிர் வீட்டுக் கதவு, கீழே கீரைக்காரன் கூடை, சுவரில் படர்ந்த கொடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அம்புட்டும் பச்சைதானாட்டி? நான் பாத்ததெல்லாம் நெசந்தானா?" என்றார். நானும் சிரித்தேன். அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"மாடி வீட்டு பௌதி."

"எப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்றால் நம்பிவிடுவார். எனக்கு அதற்கும் தைரியம் இல்லை. "ஒங்க வேட்டியில சாயம் பிடிச்சுதே, அன்னைக்கு."

குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். அந்த வேட்டியைத்தான் கட்டியிருந்தார்.

"அது பூஜைக்கு முன்னாடில்லா."

"ஆமா."

"செல்விக்குச் சேலை எடுக்குததுக்கும் முன்னாடி."

நான் அடுப்பை அணைத்தேன்.

"கடையில ஒன்ட்ட கேட்டேனே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். போய் டின்களுக்கு மூடி போட ஆரம்பித்தார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என் தலையெழுத்து என்று அழுதிருப்பேன். ஒரு சண்டையோடு போயிருக்கும். அவர் மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்திப் போட்டுக்கொண்டிருந்தார்.

8

டாக்டரிடம் மறுபடி போனார். நான் வண்டியை எடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று டிராமில் போனார். செல்வியைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் வழியெல்லாம், "சொபுஜ் சொல்லுங்கப்பா, சொபுஜ்" என்று சொல்லிக் கொடுத்தாளாம். அதே டாக்டர் இல்லை, அவர் காலமாகிவிட்டார். புது டாக்டர் அதே மாதிரி நூலைக் காட்டியிருக்கிறார். இவர் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். சர்டிபிகேட்டை என்னிடம் காட்டவில்லை. செல்விதான் காட்டினாள். அவளுக்கு விஷயம் பாதிதான் தெரியும். "அப்பாவுக்கு இவ்ளோ வருஷம் கண்ணு நல்லா இருந்துச்சாம்மா? யாருக்குமே தெரியலையா?" என்று கேட்டாள்.

பழகுகிற லைசென்ஸ் வந்தது. சிவப்பு எல் பலகையை இவரே வாங்கிவந்து கட்டினார். லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே! நிமாய்-தா ஊரைவிட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. எங்களுக்குத் தெரிந்தவர்களில் இந்த வண்டிக்கு லைசென்ஸ் வைத்திருப்பது நான் ஒருத்திதான். அதனால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கூட்டமில்லாத நேரத்தில், சட்டப்படி நான் தொட்டியில் ஏறி உட்காருகிறேன். அங்கிருந்து பார்த்தால் ஊர் வேறு மாதிரி இருக்கிறது. லாரிச் சக்கரம் காதோரம் உருளுகிறது. ரோட்டுப் புழுதியெல்லாம் வாயில் வந்து விழுகிறது. இத்தனை வருஷம் இதிலே எப்படி உட்கார்ந்து வந்தார் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

நன்றாகவே ஓட்டுகிறார். என்னைவிட நிதானம். இடது பக்கம் திரும்பும்போது, "பிடிச்சுக்கோ" என்று சொல்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். வியாபாரம் பேசுகிறார். கோபம் இல்லை என்றே வெளியில் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். ஆனால் மார்க்கெட்டில் தக்காளியைத் தானே பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். செல்விக்கு ரிப்பன் வாங்கினார். தனக்கு ஒரு சட்டைத் துணி எடுத்துவந்தார். எதையும் என்னிடம் காட்டவில்லை. ஒரு தடவை கேட்க மாட்டாரா என்று இருக்கிறது எனக்கு. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இனி இல்லை. நான் ஆசைப்படுகிறேன் பாருங்கள், எவ்வளவு கேவலம்.

போன ஞாயிற்றுக்கிழமை டாலிகஞ்ச் மூலையில் சிக்னலில் நின்றோம். முன்னால் ஒரு டிராம், பக்கத்தில் ஒரு டாக்சி. விளக்கு மாறிற்று. என்னையறியாமல் என் வாய், "பச்சை விழுந்துட்டுங்க" என்றது.

அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுது" என்றார். வண்டியை எடுத்தார்.